தங்கையைத் தவறாக எழுதிய கதை

என் முதல் கதை அச்சில் வந்தபோது எனக்கு நாற்பத்து நான்கு வயது. நாமக்கல்லில் கோழித்தீவனப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மக்காச்சோளத்தில் ஈரம் எவ்வளவு, பூஞ்சை பிடித்திருக்கிறதா, சோயாப் புண்ணாக்கில் புரதம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. விடிகாலையில் எழுந்து, பால் காய்ச்சுவதற்கு முன்பு ஒரு மணி நேரம் எழுதுவேன். அப்படி எட்டு மாதம் எழுதித் திருத்திய கதை அது. சிறுபத்திரிகை ஒன்று உடனே வாங்கிப் போட்டது.

கதை என் அம்மாவின் சாவைப் பற்றியது. நானும் என் தங்கையும் இரண்டே பேர். அம்மா என்னோடுதான் இருந்தார். தங்கையைக் கெங்கவல்லியில் கொடுத்திருக்கிறது. அவளுக்குக் காடு, மாடு, இரண்டு பிள்ளைகள். அம்மாவுக்கு மூச்சு வாங்கியதும் நான்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா போய்விட்டார். தங்கை அன்றைக்குச் சாயங்காலம்தான் வந்தாள்.

கதையிலும் அப்படியே எழுதினேன். அக்கா ராப்பகலாகக் கண்விழித்து அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். "உடனே வா, அம்மா பொழைக்கறது கஷ்டம்" என்று தங்கைக்குப் போன் செய்து அழுகிறாள். தங்கை அன்றைக்கு வரவில்லை. மறுநாள் அம்மா இறந்த பிறகு காரில் வந்து இறங்குகிறாள். அம்மாவின் மேல் விழுந்து கதறுகிறாள். அக்கா சுவரோரம் நின்று, தங்கை கட்டியிருக்கும் சேலையைப் பார்க்கிறாள். மடிப்புக் கலையாத புதுச்சேலை. அதோடு கதை முடிகிறது. அந்தக் கடைசி வரியில் எனக்கு அப்படி ஒரு பெருமை. சேலையைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேனே, என்ன கச்சிதம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். கதை புத்தகம் படிக்கிற ஆள் இல்லை. ஆனாலும் பெண்டாட்டி பெயர் அச்சில் வந்துவிட்ட சந்தோஷத்தில், நான்கு பக்கத்தையும் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். ஒரு மணி நேரத்தில் இருபது பேர் கைகூப்பிப் பாராட்டிவிட்டார்கள். "கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க" என்றார் ஒரு சித்தப்பா. தங்கையும் பார்த்துவிட்டாள் என்று வீட்டுக்காரரின் போன் காட்டியது. அவளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

வாரம் இரண்டு முறையாவது பேசுகிறவள், அதன் பிறகு மூன்று வாரம் பேசவில்லை. நான் போட்ட போனையும் எடுக்கவில்லை.

"ஏனுங்க, அதை எதுக்குக் குரூப்புல போட்டீங்க?" என்று வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போனேன்.

"நீ எழுதினதைத்தான போட்டேன்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். ராசிபுரம், ஆத்தூர் என்று மாறி மாறிக் கெங்கவல்லி போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. தங்கை மாட்டுக் கொட்டகையில் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாக்கா, சாப்பிட்டியா?" என்றாள். சோறு போட்டாள், மோர் ஊற்றினாள், பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினாள். கதையைப் பற்றி மட்டும் பேசவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் நானே ஆரம்பித்தேன்.

"கோவமா சாமி?"

"கோவம் இருக்கட்டும். மொதல்ல ஒண்ணு கேக்கறேன். அதுல தங்கச்சிக்காரி 'ஊட்டுக்கு வாரேன்'னு பேசறா. நான் அப்படிப் பேசி எத்தனை வருசம் ஆச்சு? இங்க வந்த புதுசுல எங்க மாமியா சிரிச்சாங்கன்னு ஒரே மாசத்துல மாத்திக்கிட்டேன். இத்தனை வருசமா போன்ல பேசினு இருக்கோம். உனக்குத் தெரியவே தெரியாதா?"

தெரியாது. அதுதான் உண்மை. இருபது வருடமாக அவள் 'வீடு' என்றும் 'வரேன்' என்றும் பேசுவதை என் காது வாங்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பு எங்கள் ஊரில் பேசிக்கொண்டிருந்த பெண்ணின் பேச்சையே அவள் வாயில் வைத்திருந்தேன். கதையில் உரையாடல் நன்றாக வரவில்லை என்று யாராவது வருத்தப்பட்டால், பாஷையைப் படியுங்கள் என்று நான் சொல்வதில்லை. அந்த ஆள் பேசுவதைக் கடைசியாக எப்போது காது கொடுத்துக் கேட்டீர்கள் என்றுதான் கேட்பேன்.

"அது கதைதான புள்ள" என்று மழுப்பினேன்.

"கதைன்னா பேரையாவது மாத்துவாங்க. நீ பேரே வெக்கல. அக்கா, தங்கச்சி, அம்மா. நம்ம சொந்தத்துல யாருக்குத் தெரியாது? சரி, அதையும் விடு. அக்கா அழுதுக்கிட்டே போன் பண்ணி உடனே வான்னு சொன்னான்னு எழுதியிருக்க. நீ அப்படியா சொன்னே?"

நான் மோர்ச் சொம்பை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா, இல்லையா?"

"இருக்குது."

"சொல்லு."

சொல்ல வைத்தாள். என் வாயாலேயே சொல்ல வைத்தாள். "ஒண்ணும் அவசரமில்ல, நாளைக்கு வார்டுக்கு மாத்திருவாங்களாம், மெதுவா வான்னு சொன்னேன்."

எட்டு மாதம் எழுதித் திருத்தியதில் அந்த அழுகிற போன்தான் உண்மையில் நடந்தது என்று நானே நம்ப ஆரம்பித்திருந்தேன். அவள் கேட்ட நிமிடத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நான் பேசியது ஒரு சொல் பிசகாமல் காதில் கேட்டது.

"மெதுவா வான்னு நீ சொன்னதாலதான் மறுநாள் காலைல கெளம்பலாம்னு இருந்தேன்" என்றாள். பிறகு அன்றைக்கு நடந்ததைச் சொன்னாள்.

விடிகாலையில் புறப்பட்டுத் தயாராக இருந்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து மாட்டுக்கு வலி எடுத்துவிட்டது. தலைச்சன் ஈற்று. அவள் வீட்டுக்காரர் மஞ்சள் மூட்டைகளோடு ஈரோட்டுக்குப் போயிருந்தார். கன்று தலை திரும்பிக்கொண்டு வெளியே வர முடியாமல் கிடந்தது. விட்டுவிட்டுப் போனால் மாடு போய்விடும். அம்மாவுக்குத்தான் சரியாகிவிட்டதே, மாட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டாள். கால்நடை டாக்டர் வந்து கையை உள்ளே விட்டுக் கன்றைத் திருப்ப, பக்கத்து வீட்டுப் பெண்ணும் இவளும் காலைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். கன்று மண்ணில் விழுந்ததும் அதன் மூக்கைத் துடைத்துவிட்டு, மாட்டுக்கு வெல்லத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரரின் போன் வந்திருக்கிறது.

"மேலெல்லாம் ரத்தம். கட்டியிருந்த சேலை முழங்கால் வரைக்கும் நனைஞ்சு கெடக்குது. ரெண்டு சொம்பு தண்ணிய மேல ஊத்திக்கிட்டு, பீரோவத் தொறந்து கைக்கு வந்த சேலையச் சுத்திக்கிட்டு ஓடி வந்தேன். அது புதுச்சேலையா, பழைய சேலையான்னு உன் கதையப் படிக்கிற வரைக்கும் எனக்குத் தெரியாது. பஸ்ஸுக்கு நின்னா நேரமாயிடும்னு பக்கத்து வீட்டுக்காரங்க கார்ல ஏத்தி விட்டாங்க."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. குரல்கூட உயரவில்லை. பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள். கடைசியில்தான், "அம்மாவ விட்டுட்டு மாட்டுக்காக இருந்துட்டேன்னு யாருகிட்டயும் சொல்ல வாய் வரலக்கா. அதான் அன்னிக்கு ஒண்ணும் சொல்லல" என்றாள்.

நான் எழுதிய சேலை உண்மை. கார் உண்மை. மடிப்புக் கலையாமல் இருந்ததும் உண்மை. கண்ணால் பார்த்ததில் ஒன்றைக்கூட நான் தப்பாக எழுதவில்லை. ஆனால் அந்தச் சேலை எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. நுணுக்கமாகக் கவனித்து எழுது என்று எழுத வருகிறவர்களுக்கு எல்லோரும் சொல்கிறார்கள். கவனித்தால் மட்டும் போதாது என்று நான் சொல்வேன். நீங்கள் கவனித்த பொருள் உங்கள் கண்ணில் படுவதற்கு அரை மணி நேரம் முன்பு யார் கையில் இருந்தது, என்ன அவசரத்தில் இருந்தது என்று தெரிந்தால்தான் அதைக் கதைக்குள் கொண்டுவர உங்களுக்கு உரிமை உண்டு.

பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்து இரண்டு நாள் லீவு சொன்னேன். தங்கையின் கூடவே இருந்தேன். மாட்டுக்கு எப்போது தீனி, பால் கறக்க யார் வருவார்கள், அன்றைக்குக் கன்று வர எவ்வளவு நேரம் ஆனது, அப்போது பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டாம் நாள் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இதையும் எழுதப் போறியா?"

"எழுதினா என்ன சொல்லுவே?"

"ஒழுங்கா எழுது" என்றாள்.

ஒழுங்காக எழுதுவது அத்தனை சுலபமாக இல்லை. ஊருக்கு வந்ததும் முதலில் நான் எழுதியது பழைய கதையைவிட மோசம். குற்ற உணர்ச்சியில் தங்கையைத் தெய்வமாக்கிவிட்டேன். மாட்டைக் காப்பாற்றுகிற தெய்வம், அக்காவின் கொடுமையைப் பொறுத்துக்கொள்கிற தெய்வம். பழைய கதையில் கெட்டவளாக இருந்தவள் புதியதில் நல்லவளாகிவிட்டாள். இரண்டிலும் அவள் ஆளாக இல்லை. கிழித்துப் போட்டேன்.

அடுத்ததில் அவளுடைய நாளை நடந்தபடியே எழுதினேன். அது நன்றாக வந்தது. கொட்டகையும் ரத்தமும் வெல்லத் தண்ணீரும் எல்லாம் சரியாக உட்கார்ந்தன. ஆனால் போன் வருகிற இடத்துக்கு வந்ததும் கதை நின்றுவிடும். அக்கா "மெதுவா வா" என்கிறாள். ஏன் அப்படிச் சொல்கிறாள்? டாக்டர் சொன்னதைத்தானே சொன்னாள் என்று ஒரு காரணம் எழுதினேன். தங்கை பதறுவாள் என்று பயந்தாள் என எழுதிப் பார்த்தேன். எந்தக் காரணமும் ஒட்டவில்லை. அந்த இடத்திலேயே ஆறு முறை நின்று போனேன். இதற்குப் பிறகு வார்த்தையை மாற்றுவதிலும் வாக்கியத்தைச் சுருக்குவதிலும் பிரயோஜனமில்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. ஓர் இடத்தில் கதை திரும்பத் திரும்ப நிற்கிறது என்றால், அங்கே எழுதுகிறவர் எதையோ மறைக்கிறார். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

மறைத்தது எனக்கே தெரிய இரண்டு மாதம் ஆனது. ஒருநாள் வேலையில் இருந்தபோது, சாம்பிள் பையில் சீட்டு ஒட்டிக்கொண்டே மனசுக்குள் அந்த ஆஸ்பத்திரிக் காலையை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். அம்மாவுக்கு முகம் துடைத்துவிட்டேன். தலை வாரிவிட்டேன். இரண்டு ஸ்பூன் கஞ்சி கொடுத்தேன். அம்மா மூக்கில் வைத்திருந்த மாஸ்க்கைக் கையால் ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சின்னவ வந்துட்டாளா?"

ராத்திரி முழுக்கத் தூங்காமல் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்ட கேள்வி அது. "வருவாம்மா" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். போனை எடுத்தேன். ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா வா என்றேன். அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொன்னது வாஸ்தவம்தான். ஆனால் நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் டாக்டர் இல்லை. அவள் வந்தால் அம்மா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னும் ஒருநாள் அம்மாவுக்கு நான் மட்டும் போதும் என்று இருக்க வேண்டும் என நினைத்தேன். அந்த ஒருநாள்தான் அம்மாவுக்கு மிச்சம் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கை கால்கூடக் கழுவாமல் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். அதில் அழுதாள், துடித்தாள், வெந்தாள் என்று ஒரு சொல்கூட இல்லை. அம்மா கேட்டது, அக்கா வராந்தாவுக்குப் போனது, போனில் சொன்னது, அவ்வளவுதான். அந்த மூன்று பக்கத்தையும் அப்புறம் நான் திருத்தவே இல்லை.

அடுத்த மாதம் ராசிபுரத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். தங்கை முதல் நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எழுதியதை அவளிடம் கொடுத்தேன். அவள் படிக்காமல் எங்கும் அனுப்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டு படித்தாள். நான் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன். நான்காம் பக்கத்தில் அவள் கண் நின்றது. மேலே போகவில்லை.

"அம்மா என்னைக் கேட்டாங்களா?" என்றாள்.

அம்மா செத்து மூன்று வருடம் ஆகிவிட்டது. இதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. வாயால் சொல்லத் தைரியம் இல்லாமல் கதையில் எழுதிக் கொடுத்தேன். அது கோழைத்தனம்தான். கதை எழுதுகிறவர்கள் செய்யக்கூடாத காரியம். சொல்ல வேண்டிய ஆளிடம் முதலில் நேராகச் சொல்லிவிட வேண்டும். பிறகு எழுத வேண்டும்.

"கேட்டாங்க சாமி. கஞ்சி குடிச்சதும் உன்னைத்தான் கேட்டாங்க."

அவள் தாள்களை மடியில் வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் துருவலை விட்டுவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டாங்கள்ல, அது போதும்" என்றாள்.

பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து மிச்சத்தையும் படித்தாள். முடித்ததும் முதல் கேள்வியே, "கன்னுக்குட்டிய ஏன் சாகடிச்ச?" என்பதுதான்.

ஆமாம், கடைசிப் பக்கத்தில் கன்று செத்துவிடுவதாக எழுதியிருந்தேன். அங்கே அம்மா, இங்கே கன்று, இரண்டும் ஒரே நேரத்தில் போனால் படிப்பவர் நெஞ்சு அடைத்துப்போகும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

"கதைக்கு அதுதான் புள்ள நல்லா இருக்கும்."

"என்ன நல்லா இருக்கும்? அது அங்க சோளத்தட்டு தின்னுனு நிக்குது. இப்ப சினை புடிச்சிருக்குது. நாங்க மூணு பேரு அரை நாளு பாடுபட்டுப் பொழைக்க வெச்சோம். நீ ஒரே வரில கொன்னுட்ட."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். ஆனால் அவள் சொன்னது முழுக்கச் சரி. கன்று பிழைத்ததால்தான் அந்த நாள் அவளுக்கு அத்தனை கஷ்டமாக இருந்திருக்கிறது. செத்திருந்தால் வெறும் துக்கம். ஓர் உயிர் எழுந்து நிற்கிற சந்தோஷத்தில் கையில் வெல்லத் தண்ணீரோடு இருக்கும்போது அம்மா போன சேதி வருகிறது. அதைவிடப் பெரிய துக்கத்தை நான் என்ன கற்பனை செய்துவிட முடியும்? படிப்பவரை அழவைக்க வேண்டும் என்று தீர்மானித்து எழுதிய எந்தப் பக்கமும் எனக்கு நன்றாக வந்ததில்லை. கன்றை எழுப்பி நிற்க வைத்து, தட்டுத் தடுமாறி மடியைத் தேட விட்டேன். கதைக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

புதிய கதை என் முதல் தொகுப்பில் வந்தது. முதலில் பத்திரிகையில் வந்ததைத் தொகுப்பில் சேர்க்கவில்லை. அதைப் பாராட்டிய சித்தப்பாவுக்குப் புதியது பிடிக்கவில்லை. போன் செய்து, "நெசமாலுமே நீ அப்படியா சொன்னே சாமி?" என்றார். "ஆமாங்க" என்றேன். "இதையெல்லாம் எதுக்கு எழுதற? நம்ம ஊட்டு மானம் போகுதில்ல" என்றார். அதற்கும், "ஆமாங்க" என்றேன். அதன் பிறகு அவர் என் புத்தகங்களைப் படிப்பதில்லை. ஆனால் வாரம் ஒருமுறை, முகம் தெரியாத யாராவது ஒருவர் எழுதுகிறார். எங்கள் வீட்டிலும் நான் இப்படி ஒரு போன் செய்திருக்கிறேன் என்கிறார்.

இப்போது நான் ஐந்தாவது புத்தகத்தில் இருக்கிறேன். பரிசோதனைக் கூடத்தில் எனக்கு மேலதிகாரியாக இருந்த ஒருவரை வைத்து நாவல் எழுதுகிறேன். பதினோரு வருடம் என்னைப் பாடாய்ப் படுத்திய மனிதர். இரண்டு அத்தியாயம் முடிந்ததும் எனக்கே சந்தேகம் வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கத்திக்கொண்டே இருந்தார். வேறு ஒன்றும் செய்யவில்லை. ரிட்டையராகிக் கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, போன வாரம் நேரில் போனேன்.

கதவைத் திறந்தவருக்கு ஒரு நிமிடம் என்னை அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் திகைத்துப் போனார்.

"நீங்களா? என்னம்மா விசயம்?"

"சும்மாதானுங்க சார், பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். உங்களை வெச்சு ஒரு கதை எழுதிட்டிருக்கறேன். அதையும் சொல்லிரலாம்னு."

"திட்டித்தான எழுதறீங்க?"

"இதுவரைக்கும் அப்படித்தானுங்க."

அவர் சிரித்தபடி உள்ளே வரச் சொன்னார். அவரே டீ போட்டார். அவர் வேலையில் இருந்த காலத்திலேயே அவருடைய மனைவிக்குப் பார்வை போய்விட்டது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நாற்காலியை மெதுவாக நகர்த்தி அந்த அம்மாளின் கை என் கைக்கு எட்டும்படி போட்டு, "இவங்க எங்க லேப்ல இருந்தவங்க, நல்லா வேலை செய்வாங்க" என்று என்னை அறிமுகப்படுத்தினார். பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட அவர் வாயிலிருந்து நான் கேட்காத வார்த்தை அது.

இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். லேபுக்கு வந்துகொண்டிருந்த நாளிலும் காலையில் அந்த அம்மாளுக்கு அவர்தான் தலை பின்னிவிடுவாராம். அவர் கத்தியதற்கெல்லாம் அதனால் மன்னிப்பு கிடைத்துவிடாது. கத்தியது கத்தியதுதான். நாவலிலும் கத்தத்தான் போகிறார். ஆனால் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒருவருக்குத் தலை வாரிப் பின்னலும் போட்டுவிட்டு வருகிற மனிதர் கத்துவது வேறு மாதிரி இருக்கும். முதல் அத்தியாயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தப் பின்னலிலிருந்து எழுத ஆரம்பித்திருக்கிறேன்.